வியாழக்கிழமைகளில் கனத்துப்போன ஸ்டீரிங்

அன்பு மகள் சில்லுவுக்கு,

உன் சித்தப்பா எழுதுகிறேன். இங்கே உன் அப்பா, அம்மா, சித்தி, நான் நான்கு பேரும் கீறல் விழாத கண்ணாடி மாதிரி முழுசாக இருக்கிறோம், நீயும் அத்தனை தூரத்தில் அப்படியே இருப்பாய் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலே வரி. சித்தப்பா, நீங்க எழுதுற கடிதத்துக்குக் கீழே அப்பா எப்பவும் ஒரு வரி கிறுக்குவாரே, நாலு மாசமா அது இல்ல, அம்மாகிட்ட கேட்டா சாப்பிட்டியான்னு கேக்கறாங்க, அப்பா கைக்கு என்ன ஆச்சு, உள்ளதை மட்டும் எழுதுங்க, ஒட்டுவேலை வேண்டாம், இல்லேன்னா லீவு போட்டுட்டு நானே வந்து நிப்பேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஒட்டுவேலை என்ற வார்த்தையை உன் சித்தி மூன்று தடவை உரக்கப் படித்தாள், மூன்றாவது தடவை ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தாள், எதிர்வீட்டுக்கும் கேட்கட்டும் என்று. போகட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் அந்த எட்டையும் எட்டு வருஷம் படித்தவர்களை விட ஆழமாகப் படித்தவன், ஒரு விஷயத்தைச் சொன்னால் அதற்குக் கை கால் முளைத்து நடக்கிறது, அது என் குற்றமா? இந்தக் கடிதத்தில் ஒட்டுவேலை இல்லை. இருந்தாலும் ஓரிரண்டு இடத்தில்தான் இருக்கும், அதையும் உன் அப்பா விஷயத்தில் செய்யமாட்டேன். நீ பயப்படாமல் கடைசி வரை படி, அதற்கு முன்னால் பையைக் கட்டாதே, லீவுக்கும் எழுதாதே. செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்துக்கு ஏன் வியாழக்கிழமை பதில் எழுதுகிறேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு, அதற்கும் வருகிறேன்.

நம் லாரியைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, நீ பிறந்த வருஷம் வாங்கியது, உனக்கும் அதற்கும் இருபத்து நாலு வயது, உனக்குப் பல் முளைத்தபோது அதற்குப் பின் கதவு மாற்றினோம். கண்ணாடிக் கிடங்கில் ஏற்றி, கட்டிடம் கட்டும் இடத்திலும் சட்டம் அடிக்கும் கடைகளிலும் இறக்குகிற அதே வேலைதான் இன்றைக்கும். ஆள் உயரக் கண்ணாடிப் பலகைகளைச் சாய்வுச் சட்டத்தில் நிறுத்திக் கட்டி, குறுகலான சந்துக்குள் கொண்டுபோய், ஒரு பலகை இன்னொரு பலகையோடு பேசாமல் இறக்க வேண்டும். அவை பேச ஆரம்பித்தால் உடைவதற்கு முன் பேசுகிற பேச்சு அது என்று உன் அப்பா சொல்வார். உனக்கு ஒரு விஷயம் மட்டும் தெரியாமல் இருக்கலாம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்துபோட்டது யார் என்று எனக்கும் உன் அப்பாவுக்கும் பெரிய சண்டை. திறந்துபோட்டது நான் இல்லை. சரி, நான்தான். அன்றைக்கு உன் அம்மா நடுவில் புகுந்து வண்டியைப் பங்கு பிரித்துக் கொடுத்தாள். ஸ்டீரிங், பிரேக், சக்கரம், கேபினுக்குள்ளே இருப்பதெல்லாம் உங்க அண்ணனுக்கு, முன்மூடிக்குப் பின்னாலே இருக்கிற இஞ்சின் எல்லாம் உங்களுக்கு, ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் மூக்கை நுழைச்சா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது என்று. அன்றிலிருந்து அவர் முன்மூடியைத் தூக்கியது இல்லை, நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது இல்லை. உலகத்தில் எத்தனையோ எல்லைக் கோடுகள் இருக்கின்றன, எங்கள் கோடு மாதிரி மதிக்கப்பட்ட கோடு ஒன்று காட்டு. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவி, மூடியைத் திறந்து, ஆயில், தண்ணீர், பெல்ட் எல்லாம் பார்த்து மூடிவிட்டு, அண்ணே உன் பங்குக்கு என் பங்கு ரெடி என்று சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் பேச்சு.

நாலு மாதத்துக்கு முன்னால் உன் அப்பா பேச்சு இன்னும் குறைந்தது. ஏற்கெனவே குறைந்த பேச்சு, அதிலும் குறைந்தால் வீட்டில் யாருக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத்தான் தெரியும். ஒரு நாள் என்னைத் துணி காயப்போடும் இடத்துக்குக் கூப்பிட்டு, உங்க அண்ணன் டம்ளரை ரெண்டு கையால பிடிச்சுக் குடிக்கிறாரு, கவனிச்சீங்களா என்று கேட்டாள். வியாழக்கிழமை ஆனா சட்டை பொத்தானைக் கடைசி ரெண்டு போடாம விட்டுடறாரு, வெள்ளிக்கிழமை ஒண்ணுமே போடாம என் முன்னால வந்து நிக்கறாரு, கல்யாணமான புதுசுல கூட இப்படி நின்னதில்ல என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கையில் பிழிந்து வைத்த துணியை மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள், அதில் தண்ணீரே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் கடிதம் எழுதி உன் அப்பாவிடம் நீட்டும்போது, நீயே எழுதிடு, எனக்கு என்ன இருக்கு சொல்ல என்று தள்ளிவிடுவார். நீ பார்த்துக் கண்டுபிடித்த அந்த ஒரு வரி அப்படித்தான் நின்றது. பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை என்று எனக்குத் தெரியாது, சோம்பல் என்று நினைத்தேன்.

ஞாயிறு ஒரு நாள் படுத்து எழுந்தால் திங்கட்கிழமை கை நன்றாக இருக்கும். செவ்வாய் பரவாயில்லை. புதன் மத்தியானத்துக்கு மேல் கனம் ஏறும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தோளிலிருந்து விரல் வரை செத்த கை. இதைவிடத் தெளிவாக வயது வந்து கதவைத் தட்டுமா? ஓய்வு எடுத்தால் தெம்பு, உழைத்தால் களைப்பு, அறுபத்தோரு வயது, கணக்கு சரியாக இருக்கிறது என்று அவரே முடிவு செய்துவிட்டார். டாக்டரிடமும் போனார், அதுவும் ஒரு திங்கட்கிழமை போனார். டாக்டர் தட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, என் கையை அழுத்துங்க என்றாராம், உன் அப்பா அழுத்தினாராம், டாக்டர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த ஆறு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் வயசுதான், கொஞ்சம் குறைச்சுக்கோங்க என்று எழுதிக் கொடுத்தார். உன் அப்பா கொஞ்சம் குறைக்கிற ஆளா? வைத்தால் முழுசு, விட்டால் முழுசு. கிடங்கில் போய், இந்த வாரத்தோட நிறுத்திக்கறேன் என்று சொல்லிவிட்டு, வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த டயர்க்கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கங்க என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து எழுந்த பிறகுதான் எங்களிடம் சொன்னார். ஒருநாள் என் கை சந்துல சறுக்கும், கண்ணாடி யார் மேலயாவது விழும், அதுக்கு முன்னாடி நானே இறங்கிக்கறேன் என்றார். உன் அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் பேசவில்லை.

இப்போது என் பங்குக்கு வருகிறேன், இதை எழுத இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதே நாலு மாதமாக, முன்மூடிக்குப் பின்னால் ஒரு மாயம் நடந்துகொண்டிருந்தது. பவர் ஸ்டீரிங்குக்கு ஒரு சின்ன ஆயில் டப்பா உண்டு, அந்த ஆயில் ஓடினால்தான் சக்கரத்தைத் திருப்ப வண்டி நமக்கு ஒத்தாசை செய்யும், இல்லாவிட்டால் வண்டியின் கனம் முழுக்க ஓட்டுகிறவன் கையில். அந்த டப்பா சனிக்கிழமைதோறும் காலியாக இருந்தது. ஒழுகுகிறது என்றால் கீழே சொட்ட வேண்டும் அல்லவா? வெள்ளை அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன், இரண்டு நாள் கழித்து எடுத்தால் அட்டை அப்படியே புதுசு, அதில் கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம். ஓஸ் பைப்பு எல்லாவற்றையும் துடைத்து முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன், ஈரக் கோடு விழுந்தால் தெரியும் என்று, ஒரு கோடும் இல்லை, இஞ்சின்தான் அழகாகிவிட்டது. உடைந்த கண்ணாடித் துண்டில் ரசம் பூசியதைக் குச்சியில் கட்டி, பின்பக்கம், அடிப்பக்கம், மனிதக் கண் போகாத இடமெல்லாம் விட்டுப் பார்த்தேன். ஸ்டீரிங் பாக்ஸ் காய்ந்த எலும்பு மாதிரி இருந்தது. எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. ஆயில் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை, காணாமல் போகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தம் காட்டாமல் வாரம் ஒரு டப்பா வாங்கி ஊற்றி மூடினேன். மெக்கானிக்கிடம் போனால் உனக்கே தெரியாததா என்று கேட்பான், தெருவெல்லாம் சொல்லிவைத்த பெருமை என்ன ஆவது, உன் அப்பாவிடம் சொன்னால் பழைய ரேடியேட்டர் மூடிக் கதையை எடுப்பார்.

இதில் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். மூன்று மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை உன் அப்பா வாசலில் நின்று, ஏண்டா, ஸ்டீரிங் கொஞ்சம் கனக்கற மாதிரி இருக்கே, ஆயில் கீயில் பாத்தியா என்று கேட்டார். அவர் என் பங்கைப் பற்றிக் கேட்டது அந்த ஒரே தடவைதான். நான் அப்போதுதான் ஊற்றி மூடிவிட்டு கை துடைத்துக்கொண்டிருந்தேன். மார்பைத் தூக்கிக்கொண்டு, நிறைஞ்சு தளும்புதுண்ணே, வேணும்னா நீயே தொறந்து பாரு என்றேன். பொய் இல்லை பார், அந்த நிமிஷம் நிறைந்துதான் இருந்தது. அவர் திறந்து பார்க்கவில்லை, கோட்டை மதிக்கிறவர். திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்தாராம், இறகு மாதிரி திரும்பியதாம். அப்படியானால் வண்டியில் கோளாறு இல்லை, கோளாறு தன் கையில் என்று அன்றைக்குத்தான் அவர் முடிவு கட்டினார். இதை அவர் எனக்குச் சொன்னது போன வாரம். நான் ஒரு நாள் பெருமைக்குச் சொன்ன சொல்லை வைத்து ஒரு மனிதர் தன் இரண்டு கையையும் தள்ளிவைத்துவிட்டார்.

போன வியாழக்கிழமை, கடைசி லோடு. கண்ணாடி கேட்ட இடத்தில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்ததால் லோடோடு திரும்பினோம். மறுநாள் வண்டி கைமாறப்போகிறது, அந்த டயர்க்கடைக்காரர் நாலு நாளில் கண்டுபிடித்து, மூடிக்குப் பின்னால இருந்தவன் லட்சணத்தைப் பாரு என்று சொல்லிவிடக்கூடாதே என்று, வழியில் நம் அரைவார்த்தை மெக்கானிக் பட்டறைக்கு வண்டியை விடச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும், எந்த வாக்கியத்தையும் பாதியில் விட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விடுவாரே, அவர்தான். பட்டறை வாசல் தெரியுமே, இரண்டு தூணுக்கு நடுவில் வண்டி போனால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். உன் அப்பா ரிவர்ஸில் ஏற்றினார். நான் பின்னால் நின்று வா வா, ஒடி ஒடி, நிறுத்து என்று கத்திக்கொண்டிருந்தேன். மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்தார், நான் என்னண்ணே, நத்தைக்கு டிரைவிங் கத்துக்குடுக்கறியா என்று கேலி வேறு செய்தேன். உள்ளே வந்து நின்றது, கண்ணாடியில் கிணுங்கென்று ஒரு சத்தம் இல்லை. இறங்கி வந்து சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார், கைகளை முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார், யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

அரைவார்த்தை மூடியைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார், காலி. குனிந்தார், நிமிர்ந்தார். கீழ சொட்டல என்றார். பைப்பு காய்ஞ்சு கிடக்கு, அப்போ ஆயிலு... என்று பாதியில் விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது, பேச்சைத் திருப்ப வேண்டும் என்று என் பெருமையை எடுத்து விட்டேன். ஸ்டீரிங்கை விடுங்க அண்ணாச்சி, இஞ்சினைப் பாருங்க, வாரம் ஒரு லிட்டர் ஆயில் குடிச்சுட்டு இருந்த இஞ்சின், என் கைப்பக்குவத்துல நாலு மாசமா ஒரு சொட்டுக் கூடக் குடிக்கல, சொல்லப்போனா நேத்து ஆயில் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தா கோட்டுக்கு மேல ரெண்டு விரல் ஏறியிருக்கு, இந்த வயசுல அது பால் சுரக்குது என்றேன். அவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. என்னது, கூடியிருக்கா, இஞ்சின் ஆயில் கூடியிருக்குன்னா சொல்றீங்க, அதை ஏன்யா நாலு மாசமா என்கிட்ட சொல்லல என்றார். முப்பது வருஷத்தில் அந்த மனிதர் முழுசாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது. பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், என்னை இல்லை, அவரை.

அதன் பிறகு அவர் செய்த சோதனையைப் பார்த்து நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. இஞ்சின் ஆயில் கம்பியை இழுத்து, நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, மோந்து பார்த்தார், தண்ணியா இருக்கு என்றார். கம்பியில் இருக்கும் கோட்டுக்குச் சரியாக வரும் வரை ஆயிலை இறக்கினார். ஸ்டீரிங் டப்பாவை விளிம்பு வரை நிரப்பினார். இஞ்சினைப் போட்டுவிட்டு, உன் அப்பாவைக் கூப்பிட்டு, ஏறி உக்காந்து இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிட்டே இருங்க, நான் சொல்ற வரைக்கும்... என்றார். உன் அப்பா ஏறிக் கையை வைத்துத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார். கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, இது என்னடா, இன்னைக்கு வியாழக்கிழமைதானே, திங்கக்கிழமை மாதிரி இருக்கு என்றார். யாருக்கும் புரியவில்லை. அரைவார்த்தை மட்டும் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார், பிறகு போய் இஞ்சினை நிறுத்தினார். இப்போ திருப்புங்க என்றார். உன் அப்பா தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தார், முன்சக்கரம் தரையில் முனக, ஸ்டீரிங் கால் சுற்று வந்தது. கையை எடுத்துவிட்டுச் சொன்னார், இதுதான் வியாழக்கிழமை.

சில்லு, அந்த நேரத்தில் பட்டறையில் எத்தனை சத்தம் இருக்கும், ஒன்றும் என் காதில் விழவில்லை. சனிக்கிழமை நான் ஊற்றுகிறேன். திங்கள், செவ்வாய் ஆயில் இருக்கிறது, கை இறகு. புதன் மத்தியானம் வற்றுகிறது. வியாழன், வெள்ளி, சனி வண்டி அவருக்கு ஒரு குண்டுமணி ஒத்தாசை கூடச் செய்யவில்லை. அரைவார்த்தை மெல்ல, அப்போ நாலு மாசமா, வாரத்துல மூணு நாளு, கண்ணாடி லோடோட, இந்த மனுஷன்... என்று ஆரம்பித்தார், வழக்கம்போல விட்டுவிட்டார், இந்த முறை ஸ்பேனரைத் தேடிப் போகவில்லை, அங்கேயே நின்று உன் அப்பாவின் கையைப் பார்த்தார். நான் நம்பவில்லை. கோட்டைத் தாண்டினேன். இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தேன். என் பலம் உனக்குத் தெரியும், ஒரு தடவை ஒற்றை ஆளாக அரிசி மூட்டை இரண்டைத் தூக்கியவன், ஒன்றரை என்று வைத்துக்கொள். அசையவில்லை. எழுந்து நின்று வௌவால் மாதிரி தொங்கினேன். சுவரில் அடித்த ஆணியைத் திருகுகிற மாதிரி இருந்தது, விரல் அகலம் கூட வரவில்லை. அரைவார்த்தை ஏறினார், கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார், இரண்டு விரல் அகலம் வந்தது, இறங்கிவிட்டார். ஓடுகிற வண்டியில் கொஞ்சம் லேசாக இருக்குமாம், ஆனால் சந்துத் திருப்பத்தில் வண்டி ஓடவா செய்கிறது, ஊர்கிறது. சற்று முன்னால்தான் அந்த இரண்டு தூணுக்கு நடுவில், காலி டப்பாவோடு, அத்தனை கண்ணாடியோடு, ரிவர்ஸில் வந்திருக்கிறார். நான் நத்தை என்று கேலி செய்துகொண்டிருந்தேன். நாலு மாதத்தில் ஒரு பலகை உடையவில்லை, ஒரு தூண் உரசவில்லை, ஒரு மனிதர் மேல் கோபப்படவில்லை. தன் கை செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்தக் கையால் அவர் இதைச் செய்திருக்கிறார். நான் பெரிய பெரிய ஆட்களைப் பற்றிக் கதை சொல்லி வளர்ந்தவன், பாதி நானே கட்டியது. ஒரு ஆள் என் கூடவே ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரியாமல் போயிற்று.

சோதனையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி இஞ்சினைப் போட்டு முக்கால் மணி நேரம் திருப்பித் திருப்பி, நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, கம்பியை விட்டுப் பார்த்தார். கோட்டில் நிறுத்தியிருந்த ஆயில் கோட்டுக்கு மேல் ஒரு நகக்கண் அளவு ஏறியிருந்தது. ஸ்டீரிங் டப்பாவில் அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. ஆயில் எங்கேயும் ஒழுகவில்லை மகளே, இஞ்சினுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது! நம் வண்டியில் ஸ்டீரிங் பம்பு பெல்ட்டில் ஓடுவதில்லை, இஞ்சின் வயிற்றிலேயே பதிந்து அதன் பல்சக்கரத்தில் சுற்றுகிறது. பம்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீல் என்பார்கள், உன் சுண்டுவிரல் மோதிரத்தை விடக் கொஞ்சம் பெரிசு, அதன் உதட்டில் தலைமுடி மாதிரி ஒரு தேய்மானம். அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரில் ஒரு ஓட்டை, நம் தொட்டித் தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறங்குகிறது, நாம் நம் வாசலில் ஈரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வாரம் ஒரு லிட்டர் குடித்துக்கொண்டிருந்த இஞ்சின் ஏன் என்னிடம் கேட்பதை நிறுத்தியது என்று இப்போது தெரிகிறதா? அது பக்கத்து வீட்டில் குடித்துக்கொண்டிருந்தது. நான் தெருவெல்லாம் பெருமை அடித்ததும், வீட்டில் மறைத்ததும் ஒரே ஆயில். இன்னும் ஒரு மாசம் இந்தத் தண்ணி ஆயில்ல ஓட்டியிருந்தா இஞ்சினே... என்றார் அரைவார்த்தை, அந்தப் பாதியை நான் முடித்துவைக்க விரும்பவில்லை. உள்ளே பம்பும் காய்ந்து ஓடித் தேய்ந்திருந்தது, நாலு மாதமாக முனகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அந்த வண்டியில் முனகாத பாகம் எது என்று யார் கவனிப்பது. சீல், பம்புக்குள் இருக்கும் சாமான், இஞ்சின் ஆயில் எல்லாம் மாற்றி மறுநாள் காலையில் கொடுத்துவிட்டார்.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் பட்டறையிலேயே சொல்லிவிட்டேன், டப்பா டப்பாவாக ஊற்றியதை, அன்றைக்குத் தளும்புது என்று சொன்னதை. அடிப்பார் என்று நினைத்தேன், அந்தக் கையால் அடித்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். பம்பை என் கையிலிருந்து வாங்கி அரைவார்த்தையிடம் கொடுத்துவிட்டு, நீ ஆயிலை மறைச்ச, நான் கையை மறைச்சேன், ரெண்டு பேரும் சேர்ந்து உங்க அண்ணியை அழ வெச்சிருக்கோம் என்றார். பிறகு, அப்போ அந்த ரேடியேட்டர் மூடியும் நீதானே என்றார். ஆமாண்ணே என்றேன். தெரியும் என்றார்.

ஆனால் வெள்ளிக்கிழமை டயர்க்கடைக்காரர் சாவி வாங்க வந்தபோது உன் அப்பா வண்டி கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுங்க, அடுத்த வியாழக்கிழமை முடியட்டும், அதுவரைக்கும் எனக்கு என் கை மேல நம்பிக்கை வராது என்றார். நான் எத்தனை சொன்னேன், அரைவார்த்தை அரை அரையாக எத்தனை சொன்னார், ஊஹூம். நாலு மாதம் ஒருவன் தன்னைக் கிழவன் என்று நம்பினால் அதை ஒரு ரப்பர் வளையம் கழுவிவிடுமா? அதனால்தான் உன் கடிதம் வந்தும் பதில் எழுதாமல் இருந்தேன். எப்படி எழுதுவேன், நல்லா இருக்கு என்று எழுதி, வியாழக்கிழமை கை கனத்தால்? திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. நேற்று புதன் மத்தியானம் இரண்டு மணிக்கு நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன், உன் அப்பாவைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தேன், இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு தலை அந்த மூடிக்குக் கீழே. விளிம்பில் இருந்தது விளிம்பிலேயே இருந்தது. இஞ்சின் கம்பியில் கோட்டுக்கு ஒரு பொட்டுக் கீழே. பழையபடி குடிக்க ஆரம்பித்துவிட்டது, கழுதை. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இன்று வியாழக்கிழமை. நானும் கூடப் போனேன். ஆறு இடம், கடைசி இடம் அந்த அச்சகத்துக்குப் பின்னால் இருக்கிற சந்து, சைக்கிள் திரும்பவே கெஞ்ச வேண்டும். உன் அப்பா வலது கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு இடது உள்ளங்கையால் ஸ்டீரிங்கை வழித்துவிட்டார், தோசைக்கல்லைத் துடைக்கிற மாதிரி. கண்ணாடி பேசவில்லை. அவரும் பேசவில்லை. திரும்பி வரும்போது மட்டும், ஆனா அந்த மூணு நாளும் ஒரு மாதிரி நல்லாத்தாண்டா இருந்துச்சு, வண்டியோட எடை எவ்வளவுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும் என்றார். வீட்டுக்கு வந்து இறங்கினோம். உன் அம்மா வாசலில் டம்ளரோடு நின்றாள், நாங்கள் வரும் சத்தம் கேட்டதிலிருந்து நின்றிருக்க வேண்டும், டம்ளரில் ஆவி அடங்கிப் போயிருந்தது. உன் அப்பா ஒற்றைக் கையால் வாங்கினார். அவள் கையை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் கீழே தாங்கலாகவே வைத்திருந்தாள், பிறகு எடுத்தாள். சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தன. அவள் எண்ணியதை நான் பார்த்தேன்.

வண்டி விற்பனைக்கு இல்லை என்று டயர்க்கடைக்காரருக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். ஆகவே லீவு போடாதே, அங்கேயே நிம்மதியாக இரு. பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று வேலை, அறைக்கு வந்தால் முதுகு வலிக்கிறது என்று போன தடவை எழுதியிருந்தாய், நாற்காலி வேறு ஆடுகிறது என்று எழுதியிருந்தாய். முதலில் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திருகாணியைப் பார், முதுகைப் பிறகு சந்தேகப்படலாம். எது கனத்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல், எங்கள் இரண்டு பேரைப் போல நாலு மாதம் வைத்துக்கொண்டு உட்காராதே. சூடாகச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே, உன் சித்தி எழுதச் சொன்னாள். நீ போகிற வழியெல்லாம் உனக்கு லேசாகத் திரும்பட்டும், தொட்டதெல்லாம் உடையாமல் சேரட்டும் என்று நான்கு பேரும் வாழ்த்துகிறோம். அந்தப் பழைய ரப்பர் வளையத்தை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன், பழந்துணியில் துடைத்துவிட்டேன், இருந்தும் தாளில் ஒரு வட்டம் விழுந்துவிட்டது, மன்னித்துக்கொள். மேஜை மேல் வைத்துக்கொள், உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் அதைக் காட்டிக் கதை சொல்லு, கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் நான் கோபிக்கமாட்டேன்.

இப்படிக்கு, உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
முன்மூடிக்குப் பின்னால் இருக்கும் சித்தப்பா.

சில்லு, கை நன்றாக இருக்கிறது. டாக்டர் கத்தியது பொய். மற்றதெல்லாம் சரி. இதை வியாழக்கிழமையன்றே எழுதுகிறேன். அப்பா.